விதானையார் வீடு மாறிய நாள்

அத்தியாயம் 14

டினேஸ் மோட்டார் சைக்கிளை முற்றத்துக்குள் மெல்ல உருட்டிக்கொண்டு வந்தான். முன்னால், பெற்றோல் தாங்கியின் மேல் வெள்ளையாய், பாரமில்லாத ஒரு றெஜிபோம் பெட்டி. அதைத் தன் மழைக்கோட்டால் போர்த்தி, இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தான்.

“ஆட்டாமல் கொண்டுவந்தனீங்களோ?” வாசற்படியிலேயே நின்று கேட்டாள் கஜந்தினி.

“பஸ் ஸ்ராண்டிலை இருந்து முதல் கியரிலைதான் வாறன். சைக்கிளிலை போற கிழவர் எல்லாம் என்னை முந்திக்கொண்டு போனவை. ஒராள் திரும்பிப் பாத்து, ‘தம்பி, குண்டோ?’ எண்டும் கேட்டவர்.”

அவள் சிரிக்கவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

குருநகரின் இந்த வீட்டுக்குள் இன்றைக்குத்தான் முதன்முதலாக நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கஜந்தினி கரவெட்டித் தோட்டக்காரர் கதிரவேலுவின் மகள். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் அடுப்பேறாத வீட்டில் வளர்ந்தவள். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிற வேலை. அங்கே பழுதான பிரிட்ஜைத் திருத்த வந்த டினேஸை அவள் விரும்பிக் கட்டியதும், மகளின் கலியாணப் பதிவுக்குக் கதிரவேலு வராமல் விட்டதும் பழைய கதை. அன்றிலிருந்து அவர் மகளுடன் போனில் கதைப்பதுண்டு. மகளின் படி மிதித்ததில்லை. போன கிழமைதான், “ஞாயிறு யாழ்ப்பாணத்திலை ஒரு கலியாணவீடு. முடிய உங்கை ஒருக்கா வந்து பாக்கிறன்,” என்று சொல்லியிருந்தார்.

இன்றைக்கு ஞாயிறு.

அதே ஞாயிறு பெட்டியும் வந்து சேர்ந்தது தற்செயல்தான். அனுப்பியவர் கொழும்பில் தன் வீட்டுத் தொட்டியிலேயே, கடலடிப் பவள உயிர்களான முருகைகளை வளர்த்து, வெட்டி, சிறு கற்களில் ஒட்டிக் கொடுக்கிறவர். “பிள்ளை, உனக்கு எத்தினை வேணும்? கடலுக்குள்ளை இருந்து நான் கொண்டுவந்து தாறன்,” என்று மாமனார் சிமியோன் முதலில் சொன்னபோது கஜந்தினி காதைப் பொத்திக்கொண்டாள். “சட்டப்படி குற்றம் மாமா. அதோடை, கடலிலை இருக்கிறது கடலிலை இருக்கட்டும். எனக்கு வளத்தெடுத்ததுதான் வேணும்.”

இந்த வீட்டுக் கண்ணாடி மீன்தொட்டி டினேஸ் கலியாணத்துக்கு முன்னரே தன் கையால் ஒட்டிச் செய்தது. முன் ஹோலில், மாதா சுருவத்துக்குக் கீழே, சுவரின் பாதியை நிறைத்து நிற்கும். வந்த புதிதில் எந்தக் கதிரையில் இருப்பது என்றுகூடத் தெரியாமல் நின்ற மருமகள், அதன் முன்னால் போய் இருக்கப் பழகினாள். பிறகு அதன் தண்ணீரைச் சோதிக்கத் தொடங்கினாள். பிறகு, மீன் மட்டும் ஓடுகிற இந்தத் தொட்டியை முருகை வளரும் தொட்டியாக மாற்றிக் காட்டுகிறேன் என்று சொன்னாள். நீல வெளிச்சம் தருகிற லைற் வந்தது. அலை மாதிரித் தண்ணீரைத் தள்ளுகிற மோட்டர் வந்தது. அழுக்கை நுரையாகக் கக்குகிற மெசினை டினேஸ் பழைய பிளாஸ்ரிக் குழாய்களில் தானே செய்துவிட்டான். கரையை ஒட்டிய களப்புத் தண்ணீர் மழைக்கு உப்புக் குறையும் என்று, சிமியோன் வெளிக்கடலிலிருந்து கான் கானாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

எல்லாம் சரி. ஒன்று மட்டும் சரியில்லை.

“மாமிக்குச் சொல்லிப்போட்டீங்களோ?”

டினேஸ் பெட்டியின் கயிற்றை அவிழ்ப்பதில் திடீரென்று அக்கறை காட்டினான்.

“இஞ்சேருங்கோ, உங்களைத்தான்.”

“நேற்றுச் சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அவ அந்த நேரம் விதானையாருக்கு றால் தீத்திக்கொண்டு நிண்டவ.”

“போன கிழமையும் உதைத்தான் சொன்னனீங்கள்!”

விதானையார் என்பது ஒரு கிளாத்தி மீன். சிமியோனின் வலையில் விரல் நீளத்தில் வந்து, இந்தத் தொட்டியில் உள்ளங்கையைவிடப் பெரிதாக வளர்ந்தது. யார் வந்தாலும் கண்ணாடிக்கு வந்து மேலும் கீழும் பார்க்கும். புதிதாக ஒரு கல் வைத்தால் போய்ப் புரட்டிப் பார்க்கும். பக்கத்து மீனின் எல்லைத் தகராறையும் விசாரிக்கும். ஊர்க் காரியம் விசாரிக்கிற விதானை மாதிரி என்று டினேஸின் தாய் அருமைநாயகி வைத்த பெயர் அது. அவருடைய விரலிலிருந்துதான் றால் தின்னும். ஒரு நாள் பிந்தினால் அவர் முகத்திலேயே தண்ணீரைத் துப்பும்.

கிளாத்தி இருக்கிற தொட்டியில் முருகை மிஞ்சாது. கொறித்துத் தள்ளிவிடும். லைற் வாங்கும்போதே கஜந்தினிக்கு இது தெரியும். “அம்மாக்கு நான் சொல்லுறன், நீர் கவலைப்படாதையும்,” என்று டினேஸ் அன்றைக்குச் சொன்னான். அரியாலையில் நீக்கிலாப்பிள்ளை மாஸ்டர் பெரிய மீன்கள் மட்டும் வளர்க்கிற பெரிய தொட்டி வைத்திருந்தார். விதானையாரை எடுக்க அவரும் ஓம் என்றுவிட்டார். அருமைநாயகிக்குத்தான் இன்னமும் ஒன்றும் தெரியாது.

கஜந்தினி பெட்டியைத் திறந்தாள். தண்ணீர்ப் பைகளுக்குள், சின்னச் சின்னக் கல்லில், முருகைகள் பயந்து சுருண்டு கிடந்தன. பார்வைக்கு அழுக்குப் பொத்தான் மாதிரி. ஆனால் எல்லாம் உயிரோடு இருந்தன.

“பின்விறாந்தையிலை பெரிய பேசினை வையுங்கோ. சின்ன மோட்டரையும் பழைய லைற்றையும் கொண்டாங்கோ.”

“பேசினுக்குள்ளையோ? எத்தினை நாளைக்கு?”

“தெரியாது. அப்பா வாற நாளிலை மாமியின்ரை கண்ணிலை தண்ணி வரக்கூடாது. அவ்வளவுதான்.”

டினேஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் பேசின் எடுக்கப் போனான்.

மாதா கோயில் பூசை முடிந்து சிமியோனும் அருமைநாயகியும் வந்தார்கள். அருமைநாயகி வந்த சுவட்டில் குசினிக்குள் போய்ப் புதுக் கண்ணாடிக் கிளாசுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கழுவினார். இன்றைக்கென்று வாங்கியவை. கதிரவேலு இந்த வீட்டில் வாய் நனைப்பாரா என்று அவருக்குத் தெரியாது. நனைத்தால், புதுக் கிளாசில் நனைக்கட்டும்.

கழுவின தண்ணீரை ஊற்ற விறாந்தைக்கு வந்தவர் பேசினைக் கண்டார்.

“ஏன் பிள்ளை, தொட்டிக்கெண்டு எடுப்பிச்சதைப் பேசினுக்குள்ளை போட்டிருக்கிறாய்?”

“கொஞ்சம் பழகட்டுமெண்டு மாமி.”

பின்னால் வந்த சிமியோன் எட்டிப் பார்த்தார். மனிதருக்கு எந்தச் சூதும் தெரியாது. “பழகிறதோ? உதைத் தொட்டிக்குள்ளை விட்டால் விதானையார் ஒரு நேரச் சாப்பாடாக்கிப் போடுவார். கிளாத்தியின்ரை பல்லுக்கு முருகை என்ன, சிப்பியே தாங்காது.”

சொல்லி முடித்த பிறகுதான் மகனின் முகத்தைப் பார்த்தார். மருமகளின் முகத்தையும் பார்த்தார். மெதுவாகத் தோள் துவாயை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

அருமைநாயகி கையிலிருந்த கிளாசை விறாந்தைக் குட்டிச்சுவரின் மேல் வைத்தார்.

“உங்களுக்கு உது முதலே தெரியுமோ?”

“லைற் வாங்கேக்கையே தெரியும் மாமி.”

“டினேஸ்?”

“நான் சொல்லத்தான் அம்மா...”

“நீ கதையாதை. பால்குடி மறந்த நாள் தொடக்கம் உனக்கு ஒரு கதை சொல்லக் கிழமைக் கணக்கு வேணும்.” அவர் மருமகளிடம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. “நான் ஒரு மீனுக்காக உன்னோடை கோவிப்பன் எண்டே நினைச்சனி?”

கஜந்தினி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். உடுத்த உடுப்போடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளில் இந்த மனுசி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் குசினியில் மச்சம் படாத புதுச்சட்டி, புது அகப்பை, அதற்கென்று தனி அடுப்பு. “உன்ரை கைக்கு ஏலுமானதைச் சமை பிள்ளை, நாங்களும் தின்னுவம்.” அவ்வளவுதான் சொன்னது.

“இல்லை மாமி. நீங்கள் கோவிக்க மாட்டீங்கள். நான் கேட்டால் மறுகதை கதைக்காமல் தூக்கித் தந்திடுவீங்கள். அதுதான் எனக்குக் கேக்க வாய் வரேல்லை.”

அருமைநாயகி கிளாசைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு விறுக்கென்று உள்ளே போனார். குசினியில் ஒரு சட்டி சத்தமாக வைக்கப்பட்டது. இன்னொரு சட்டி அதைவிடச் சத்தமாக வைக்கப்பட்டது. மூன்று பேரும் விறாந்தையில் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள்.

திரும்பி வந்தபோது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பிள்ளை, உன்ரை கொப்பர் வாறதுக்கிடையிலை அதைப் பிடிக்க வேண்டாமே? இந்த வீட்டு மருமகள் முருகை வளக்கிறாள் எண்டு கோயிலடியெல்லாம் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். அந்த மனுசன் வந்து பேசினைப் பாத்திட்டே போறது?”

டினேஸ் கைவலையோடு போனான். விதானையார் வலையைக் கண்டார். கண்ணை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரே பாய்ச்சலில் கல்லிடுக்குக்குள் புகுந்து, முதுகு முள்ளை நட்டுக்குத்தாக நிமிர்த்திப் பூட்டிக்கொண்டார். கிளாத்தி அப்படிப் பூட்டினால் கல்லை உடைத்தாலொழிய எடுக்க முடியாது.

“நான் பிடிச்ச மீன், எனக்கே பூச்சாண்டி காட்டுது,” என்று சிமியோன் சாரத்தை மடித்துக் கட்டினார். தடியால் மெல்லத் தட்டிப் பார்த்தார். தகப்பனும் மகனும் மாறி மாறிக் கையை விட்டதில் தரையெல்லாம் கடலாயிற்று. மேசை விரிப்பு நனைந்தது. விதானையார் மட்டும் அசையவில்லை.

“எல்லாரும் அங்காலை போங்கோ,” என்றார் அருமைநாயகி. “மோட்டரையும் லைற்றையும் நிப்பாட்டு. ஒருதரும் மூச்சு விடப்படாது.”

அவர் முக்காலியில் ஏறி நின்றார். ஒரு கையில் உரித்த றால். மற்றக் கையில் அரிசி களைகிற பிளாஸ்ரிக் கிண்ணம். இரண்டையும் மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார்.

“வா ராசா. வெளியிலை வா. ஆரடா உன்னைக் கலைச்சது? அவங்களுக்கு வேலையில்லை. வா.”

கல்லிடுக்கில் ஒரு கண் சுழன்றது.

அந்த நேரம்தான் முன் வாசலில் நிழல் விழுந்தது. அருமைநாயகிக்கு அது முதுகுப்பக்கம்.

“ஆராயிருந்தாலும் அசையாதேங்கோ!” என்றார் அடிக்குரலில். “அவர் வெளியிலை வாறார்.”

வந்தவர் அசையவில்லை.

முள் மடங்கியது. விதானையார் மூக்கை நீட்டினார். றால் பின்னுக்குப் போனது. அவர் முன்னுக்கு வந்தார். இன்னும் பின்னுக்கு. இன்னும் முன்னுக்கு. றால் கிண்ணத்துக்குள் போனது. அவரும் போனார். அருமைநாயகி கிண்ணத்தைத் தூக்கினார்.

“வாளி! வாளி! கெதியாக் கொண்டாங்கோ!”

தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளி வாசலடியில் இருந்தது. வந்தவர் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டே எட்டில் வந்து நீட்டினார். மீன் தொப்பென்று விழுந்தது. உப்புத்தண்ணீர் எழும்பி, வந்தவரின் கரை போட்ட பட்டு வேட்டியில் முழங்கால்வரை அடித்தது.

“அப்பா!” என்றாள் கஜந்தினி.

அருமைநாயகி திரும்பினார். முக்காலியின் மேல், தோள்வரை நனைந்த கையோடு. கீழே, கலியாணவீட்டுச் சந்தனப்பொட்டும் சால்வையுமாக, தலைமுறை தலைமுறையாக மீன் தொடாத கதிரவேலு, இரண்டு கையாலும் கிளாத்தி இருந்த வாளியை ஏந்திக்கொண்டு நின்றார்.

“ஐயோ மாதாவே,” என்றார் அருமைநாயகி.

சிமியோன் மடித்துக் கட்டின சாரத்தை அவிழ்த்து விடுவதா, வாருங்கோ என்று சொல்வதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றார். டினேஸ் கதிரையைத் தேடி ஓடினான். ஓடின வேகத்தில் ஈரத்தில் சறுக்கி, கதிரையோடு சேர்ந்தே வந்து நின்றான்.

கதிரவேலு வாளிக்குள் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

“உது உறுமுது,” என்றார்.

“கோவம் வந்தால் உறுமும் அப்பா.”

“ம்.” அவர் வாளியைக் கவனமாகத் தரையில் வைத்தார். வேட்டியைப் பார்த்தார். அருமைநாயகியைப் பார்த்தார். “கீழை இறங்குங்கோ தங்கச்சி, விழுந்திடுவீங்கள். குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ.”

அருமைநாயகி இறங்கிக் குசினிக்குப் போன வேகத்தைக் கஜந்தினி அதற்கு முன் கண்டதில்லை. புதுக் கிளாசில் தண்ணீர் வந்தது. கதிரவேலு அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்துக் குடித்து முடித்தார். மகள் வேறு பக்கம் திரும்பி, மேசை விரிப்பைப் பிழிந்தாள்.

“சரி, உங்கடை வேலையைப் பாருங்கோ,” என்றார் அவர். “நான் இஞ்சை இருந்து பாக்கிறன்.”

கஜந்தினி வேலையைப் பார்த்தாள். தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பேசினுக்குள் விட்டு, இரண்டின் உப்பும் சூடும் ஒன்றாகும்வரை காத்திருந்தாள். இரண்டையும் அளந்தாள். மறுபடி அளந்தாள். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து, எதற்கு வெளிச்சம் கூட வேணும், எதற்குத் தண்ணீர் ஓட்டம் குறைய வேணும் என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். டினேஸ் ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் அதைத் திரும்ப எடுத்து முந்தின இடத்தில் வைத்தாள்.

“உது என்ன, வெட்டி ஒட்டினதோ?” கதிரவேலு கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார்.

“ஓமப்பா. தாய் முருகையிலை இருந்து வெட்டி, கல்லிலை பிடிக்க விடுறது. பிடிச்சால் தானாப் பரவும்.”

“பதியம்.”

“அதேதான்.”

“பசளை?”

“போடக்கூடாது. அழுக்குக் கூடினால் பாசிதான் வளரும். சுண்ணாம்புச் சத்து மட்டும் குறையாமல் பாக்கவேணும். ஒவ்வொரு நாளும் சோதிக்கிறனான்.”

கதிரவேலு தலையாட்டினார். பிறகு, மகளிடம் சொல்லாமல், சிமியோனைப் பார்த்துச் சொன்னார்.

“எங்கடை தோட்டத்திலை முந்திரிகைக் கொடித் தடி நடேக்கை சின்னப்பிள்ளையா இவளும் வந்து நிப்பாள். நான் நட்டதிலை பட்டுப்போறது இருக்கும். இவள் நட்டது ஒண்டும் பட்டதில்லை. கைராசி எண்டு பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாம் இவளைக் கேட்டு வருவினம். நான் அனுப்பிறதில்லை.”

“அப்ப தண்ணி ஆர் கொண்டந்தது எண்டும் கேளுங்கோவன்,” என்றார் சிமியோன், விட்டுக்கொடுக்காமல். “வெளிக்கடல்! விடியமுந்தி, வெள்ளாப்பிலை போய் மொண்டு வந்தது. களப்புத்தண்ணி ஒரு சொட்டு இல்லை. ‘மாமா, இண்டைக்குக் கொண்டந்தது திறம்’ எண்டு இவள் சோதிச்சுச் சொன்னால், எனக்கு அண்டைக்கு மீன் பட்டமாதிரி.”

“தொட்டி செய்தது நான்,” என்றான் டினேஸ் மெதுவாக.

“நீ சத்தம் போடாதை,” என்றார் தாய்.

பிளேன்ரீ வந்தது. கதிரவேலு அதையும் குடித்தார். கலியாணவீட்டுப் பலகாரப் பையை அருமைநாயகியின் கையில் கொடுத்தார். வெயில் சாய்ந்தபோதும் அவர் எழும்பவில்லை. சிமியோனும் எழும்பவில்லை. இரண்டு தகப்பன்மாரும் படம் பார்க்கிறவர்கள் மாதிரித் தொட்டிக்கு முன்னால் இருந்தார்கள்.

முதலில் கண்டது சிமியோன்தான். “பிள்ளை! உங்கை பார்!”

சுருண்டு கிடந்த ஒரு பொத்தான் விரிந்தது. பச்சை வட்டம்; நடுவில் செம்மஞ்சள்; சுற்றிவர மயிர் போன்ற இதழ்கள், மோட்டர் தள்ளுகிற அலைக்கு ஆடின. பக்கத்தில் இன்னொன்று. பிறகு அந்தக் கல் முழுவதும்.

கஜந்தினி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாள் சோதித்து, எத்தனை தண்ணீர் மாற்றி, எத்தனை பேரின் பகிடியைக் கேட்டிருப்பாள். ‘தோட்டக்காரப் பிள்ளைக்குக் கடல் என்ன தெரியும்’ என்று சொன்னவர்களும் உண்டு. தன் கையால் வைத்தது, தன் கண்முன்னே பிடித்துவிட்டது. வெளிக்கடலில் அறுபது வருசம் திரிந்த சிமியோன்கூட வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடலுக்குள்ளை உதுக்கு மேலாலை எத்தினை தரம் போயிருப்பன்,” என்றார் அவர். “இருந்து பாத்ததில்லை.”

அருமைநாயகி வாளியைத் தூக்கி ஒரு கதிரையில் வைத்து, விதானையாருக்கும் அது தெரிகிற மாதிரித் திருப்பினார். வாளிக்குள்ளிருந்து என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை மாஸ்டரின் கதையை டினேஸ் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். “அரியாலைக்கு நானும் வருவன்,” என்று மகனிடம் சொன்னார். “அந்த மாஸ்டரின்ரை தொட்டியை முதல் என்ரை கண்ணாலை பாக்கவேணும். எனக்குப் பிடிக்காட்டி ஆளைத் திரும்பக் கொண்டந்திடுவன், சொல்லிப்போட்டன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டு மருமகளின் தோளில் கை வைத்தார். “வடிவாத்தான் இருக்கு பிள்ளை. கோயிலடியிலை நான் சொன்னது காணாது. இன்னும் கூடச் சொல்லியிருக்கலாம்.”

கதிரவேலு புறப்பட்டார். பஸ் எடுக்கச் சந்திவரை கஜந்தினியும் கூட நடந்தாள். காய்ந்த வேட்டியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

“அம்மா உதென்ன எண்டு கேப்பா அப்பா.”

“கேக்கட்டும்.”

சந்தி கண்ணுக்குத் தெரிந்தது.

“அப்பா, இவ்வளவு நாளும் நீங்கள் என்னோடை கோவம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

கதிரவேலு சால்வையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

“என்ரை கோவம் பதிவு நடந்த கிழமையோடை முடிஞ்சுது பிள்ளை. கொம்மாவின்ரைதான் முடியேல்லை. நான் உன்னட்டை வந்தால் தான் தன்ரை அண்ணை வீட்டை போயிடுவன் எண்டு சொல்லிப்போட்டாள். ஆர்தான் நம்புவினம், இரத்தினம்மா அப்பிடிச் சொன்னவள் எண்டு? சரி, தகப்பன்தான் மூர்க்கன் எண்டு ஊர் கதைக்கட்டும் எண்டு நானும் விட்டிட்டன். இண்டைக்கு நான் இஞ்சை வந்ததும் அவளுக்குத் தெரியாது.”

கஜந்தினி நின்றுவிட்டாள். தினமும் போனில், ‘சாப்பிட்டியோ’ என்று தகப்பன் கேட்கும்போது, பின்னால் சட்டி பானை சத்தம் கேட்கும். அம்மா வேலையாக இருப்பதால்தான் போனுக்கு வருவதில்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

பஸ் வந்து நின்றது. கதிரவேலு படியில் ஏறித் திரும்பினார்.

“இண்டைக்குப் போய் நான் கண்டதெல்லாம் சொல்லப்போறன். என்ரை பிள்ளை வளத்ததைப் பாத்திட்டுச் சொல்லாமல் இருக்க என்னாலை ஏலாது. வாற ஞாயிறு நீயும் மருமகனும் கரவெட்டிக்கு வாங்கோ.”

“அம்மா?”

“கதவைத் திறக்கிறதோ இல்லையோ கொம்மாவின்ரை பாடு,” என்றார் அவர். “தெருப்படலையை நான் திறந்து வைச்சுக்கொண்டு நிப்பன்.”